கிளட்ச் கேபிளுக்கு ஒயிலா, கிறீஸா?

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் தினமும் ஓடும் மோட்டார் சைக்கிளில் கேபிள் சீக்கிரம் இறுகும். உப்புக்காற்றும் சோளகக் காற்று (தென்மேல் காற்று) கிளப்பும் புழுதியும் சேர்ந்து செய்யும் வேலை அது.

உள்ளே இறங்குவது: ஒயில் கம்பி இழைகளுக்குள் ஊறும்; கிறீஸ் உறையின் வாயிலேயே நிற்கும்.
புழுதி: ஒயிலில் குறைவு, கிறீஸில் ஒட்டி அரத்தூள்போல் தேய்க்கும்.
நீடிப்பு: கிறீஸ் மழையையும் தாங்கும், ஒயிலை அடிக்கடி விடவேணும்.
செலவு: எஞ்சின் ஒயில் மாற்றும்போது போத்தலில் மிஞ்சுவதே போதும்.

ஒயில் விட, லீவர் பக்கத்து அட்ஜஸ்டரின் (கேபிளின் தளர்வைக் கூட்டிக் குறைக்கும் திருகு) வெட்டுகளை ஒரே நேராக்கிக் கேபிளைக் கழற்றுங்கள். உறையின் வாயில் பொலித்தீனைப் புனல்போலச் சுற்றி நூலால் இறுக்கி, ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுக் கம்பியை மேலும் கீழும் இழுங்கள். கீழ்முனையில் முதலில் கறுப்பாக வரும். தெளிந்து சொட்டும்வரை விடுங்கள். உள்ளே நைலோன் குழாய் உள்ள கேபிளென்றால் முதலில் கையேட்டைப் பாருங்கள், சிலவற்றுக்கு ஒன்றுமே விடக்கூடாது.

கிறீஸின் இடம் நிப்பிள், அதாவது லீவரில் மாட்டும் கம்பி முனையிலுள்ள உலோகக் குமிழ். அது லீவர் துளைக்குள் சுழலாவிட்டால் கம்பி ஒரே இடத்தில் மடிந்து இழையிழையாக அறும். ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள். அதற்கு ஒயில் மருந்தல்ல. பூட்டியபின் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு (கேபிள் இழுபடுமுன் லீவர் சும்மா அசையும் தூரம்) இருக்கட்டும்.