டிஸ்சார்ஜ் என்று சொன்ன பிறகு

இம்முறை ஊருக்குப் போனது அப்பாவின் பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக. சிகிச்சையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக நடந்தது. நான் எழுத வந்தது வேறு. வீட்டுக்குப் போகலாம் என்று காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் சொன்னதற்கும், விளக்கு வைத்த பிறகு நாங்கள் லிஃப்ட்டில் இறங்கியதற்கும் இடையே அந்தத் தனியார் மருத்துவமனையில் ஒரு ஃபைல் பட்ட பாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அங்கே யாருமே சும்மா இருக்கவில்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது. மீந்த மருந்துகளை வார்டில் எண்ணி மருந்தகத்துக்குத் திருப்புகிறார்கள்; மருந்தகம் அவற்றைக் கழித்த பிறகே பில்லிங் பிரிவு கணக்கை முடிக்கும்; கணக்கு முடிந்தால்தான் இன்சூரன்ஸ் மேசை அதை நிறுவனத்துக்கு அனுப்பும்; செய்த சிகிச்சையைச் சுருக்கி எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியோ அறுவை அரங்கில் இருக்கும் மருத்துவரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும். பொழுது போகாமல் நானும் ஃபைலின் பின்னாலேயே நடந்தேன். ஒவ்வொரு மேசையிலும் அதற்கான வேலை சில நிமிடங்கள்தான்; மற்ற நேரமெல்லாம் அது வேறு ஃபைல்களுக்கு அடியில் கிடந்தது. டொயோட்டா தொழிற்சாலைகளில் உருவாகி, பின்னர் லீன் என்ற பெயரில் மருத்துவமனைகளுக்கும் வந்த முறை முதலில் செய்யச் சொல்வதும் இதைத்தான்: நோயாளியோடோ அவருடைய தாள்களோடோ கூடவே நடந்து, வேலை நடக்கும் நேரத்தையும் வெறுமனே காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் நிர்வாகிகள் இதைக் கற்க 2002-இல் ஜப்பானுக்கே போனார்கள்.

தாமதம் மட்டும் என்றால் விட்டிருப்பேன். மதியம் அப்பாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும் நேரம் வந்தபோது மருந்து இல்லை. கணக்குக்காக அதையும் காலையிலேயே திருப்பியாயிற்று. மருந்தகத்திடம் மருந்து கேட்டுப் புதிதாக இன்டென்ட் போட வேண்டுமானால் மூடிய பில்லைத் திறக்க வேண்டும். திறந்தால் ஃபைல் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடும். "ஃபைல் பில்லிங்ல இருக்கு சார், இப்ப எங்களால இன்டென்ட் போட முடியாது" என்ற சிஸ்டரின் முகத்தில் என்னைவிட அதிகச் சங்கடம். "வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாம், விடுப்பா" என்றார் அப்பா. கணினியைப் பொறுத்தவரை அவர் வீட்டுக்குப் போய்விட்டவர். கட்டிலில் படுத்திருந்தவருக்கு அந்த நேரத்தில் பொறுப்பாளி எவரும் இல்லை. கடைசியில் அதே மருந்தகத்தின் வெளிநோயாளி கவுன்ட்டரில் நின்று, காலையில் அவர்கள் திருப்பி வாங்கிய அதே மருந்தை நான் காசு கொடுத்து வாங்கி வந்தேன். எங்கள் கட்டிலுக்காக அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருந்தார் என்பதைப் பிற்பாடுதான் சொன்னார்கள்.

இத்தனைக்கும் அறுவை அரங்கின் வாசலில் இதே மருத்துவமனை எவ்வளவு கவனமாக இருந்தது! எத்தனை தடவைதான் பெயரைக் கேட்பார்கள் என்று அப்பாவே சலித்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலின் வேலை அது: மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், அரங்கை விட்டு வெளியே கொண்டுவரும் முன் என மூன்று இடங்களில் எல்லாரும் நின்று வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. உள்ளே போகும் வாசலுக்கு இருக்கும் இந்த ஒழுங்கில் கால்வாசியாவது வெளியே வரும் வாசலுக்கு வேண்டாமா?

நான் வசிக்கும் இங்கிலாந்தில், நோயாளியைச் சேர்க்கும்போதே அவர் வீடு திரும்பும் உத்தேசத் தேதியைக் குறித்துவிட வேண்டும், மூன்றில் ஒரு பங்கினரையாவது நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. எல்லாம் அப்படியே நடக்கிறது என்று பெருமையடிக்க மாட்டேன். மருந்துப் பை வரும் என்று மாலை வரை உட்கார்ந்திருப்பவர்கள் அங்கும் உண்டு. அவசரப் பிரிவுக்கு வருவோரில் 95 விழுக்காட்டினரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்கும் இலக்கை அந்நாடு கடைசியாக எட்டியது 2015 ஜூலையில். ஸ்கேன் எடுத்து, அறுவை மருத்துவரைக் கண்டு, நாள் குறிப்பது வரை ஊரில் நடந்த வேகத்தை அங்கே நினைத்தும் பார்க்க முடியாது. அந்த வேகத்தைக் கண்டு மனம் குளிர்ந்திருந்ததால்தான் கடைசி நாள் இவ்வளவு கசந்தது போலும். டாக்டரே சீட்டு எழுதி, கம்பவுண்டரே பணம் வாங்கி வழியனுப்பிய பழைய நர்சிங் ஹோமில் இதெல்லாம் ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் அங்கே சரிபார்ப்புப் பட்டியலும் கிடையாது என்பதை மறந்துவிட்டு ஏங்குவதில் நியாயமில்லை.

இதற்குப் புதுக் கட்டடமோ கூடுதல் ஆட்களோ தேவையில்லை. சம்மரியை முந்தைய மாலையே தொடங்கலாம். கடைசி டோஸ் கொடுத்த பிறகே மருந்தைத் திருப்பலாம். ஒரே ஒரு வார்டில் ஒரு வாரம் செய்து பார்த்து, நேரத்தை அளந்து, சரிவந்தால் அடுத்த வார்டுக்குக் கொண்டுபோகலாம். அதுவரை, பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் முந்தைய நாளே சம்மரியைப் பற்றிக் கேட்டு வையுங்கள். மீந்த மருந்துகளைத் திருப்ப ஊழியர்கள் எடுத்துச் செல்ல வரும்போது மதிய டோஸை மட்டும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.