பிராட்காம் 43142: வைஃபையை வரவழைக்க அரை மணி நேரம், தக்கவைக்க வருடக்கணக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுபோனதால், பத்து வயதைத் தாண்டிய லேப்டாப்கள் பலவற்றில் லினக்ஸ் வகைகளான மின்ட்டோ டெபியனோ ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து மலிவு மாடல்கள் ஏராளமானவற்றில் உள்ளே இருப்பது பிராட்காம் பிசிஎம்43142 வைஃபை கார்டு. நிறுவல் பிசிறில்லாமல் முடியும், டெஸ்க்டாப் பளிச்சென்று வரும், கீழ் மூலையில் நெட்வொர்க் ஐகானைத் தட்டினால் வைஃபை என்ற வரியே இருக்காது. இந்தக் கார்டை லினக்ஸில் நீண்டநாள் ஓட்டினால் என்னென்ன வரும் என்பதே இந்தப் பகிர்வு.

முதலில் கார்டு எதுவென்று உறுதி செய்யுங்கள். லேப்டாப்பின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஒரே மாடலில் மூன்று விதக் கார்டு போட்டு விற்றிருக்கிறார்கள். டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ அடித்து, ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 14இ4:4365 என்றிருந்தால் 43142. அதே பிராட்காமின் 14இ4:4727 என்றால் அது 4313. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கும் பிஆர்சிஎம்எஸ்மேக் டிரைவர் அதைப் பார்த்துக்கொள்ளும். 14இ4:4315 என்றால் 4312; அதற்கு பி43 டிரைவரும் தனி ஃபர்ம்வேரும் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) போதும். பிராட்காம் என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு பி43 ஃபர்ம்வேரை 43142-க்கு ஏற்றுவதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. எத்தனை முறை ஏற்றினாலும் பலன் பூஜ்யம், ஏனென்றால் பி43 இந்தச் சிப்பை அறியவே அறியாது. இதற்கு இருப்பது டபிள்யூஎல் என்கிற மூடிய (மூலநிரல் முழுதும் வெளியிடாத) டிரைவர் ஒன்றுதான்.

அந்த வரிக்குக் கீழேயே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று இன்னொரு வரி வரும். அதில் ‘பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ்’ என்று இருந்தால் ஏதோ டிரைவர் வேலை செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பிசிஎம்ஏ என்ற கர்னல் மாட்யூல் (கர்னலில் ஏற்றி இறக்கும் துண்டு) கார்டைப் பிடித்து வைத்திருக்கிறதே தவிர ஓட்டவில்லை. இது விடாதவரை டபிள்யூஎல்-ஆல் உள்ளே நுழைய முடியாது.

இணையம் இல்லாமல் இணையத்துக்கான டிரைவரை எப்படி இறக்குவது? லேன் வயர் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் மாட்டி, ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் ‘யூஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பு என்றே எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் கேட்காது. அந்த ஆப்ஷன் மங்கலாகவே இருந்தால் வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்களில் டேட்டா போகாது. பென்டிரைவில் ஒவ்வொரு பேக்கேஜாகச் சுமக்கும் வழியும் உண்டுதான். ஆனால் கம்பைலர், ஹெடர் (கர்னலுக்கேற்ப டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்), டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கம்பைல் செய்யும் கருவி) என்று சங்கிலி நீளும், ஒன்று விட்டுப்போனால் திரும்ப நடக்க வேண்டும். மின்ட்டில் மட்டும் ஒரு சலுகை: நிறுவிய பென்டிரைவையே சொருகிவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், அதிலிருந்தே பிராட்காம் டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

டெபியனில் ஒரு பொறி இருக்கிறது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே ஃபர்ம்வேர்கள் சேர்ந்து வருகின்றன. அதற்காக ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று தனிப் பிரிவே பிறந்தது. இன்டெல், ரியல்டெக் கார்டுகளுக்கு அது போதும். நமக்கு வேண்டிய ‘பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்’ ஃபர்ம்வேர் அல்ல, டிரைவர். ஆகவே அது பழைய ‘நான்-ஃப்ரீ’ பிரிவிலேயே கிடக்கிறது. பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் ‘கான்ட்ரிப்’, ‘நான்-ஃப்ரீ’ இரண்டையும் சேர்த்து, ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்த பிறகுதான் அது கண்ணில் படும். கூடவே ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’ பேக்கேஜையும் நிறுவுங்கள். குறிப்பிட்ட கர்னல் எண் போட்ட ஹெடரை மட்டும் நிறுவினால் இன்று வேலை செய்யும், அடுத்த கர்னல் வந்ததும் கைவிடும்.

நிறுவி முடிந்ததும் ‘மோட்ப்ரோப் -ஆர்’ கொண்டு பி43, பிஆர்சிஎம்எஸ்மேக், பிசிஎம்ஏ, எஸ்எஸ்பி நான்கையும் இறக்கிவிட்டு ‘மோட்ப்ரோப் டபிள்யூஎல்’ கொடுங்கள். சில நொடிகளில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசை கட்டும். அடுத்த பூட்டிலிருந்து இந்த இறக்கும் வேலை வேண்டாம். அந்த மாட்யூல்களைத் தடுக்கும் கோப்பைப் பேக்கேஜே வைத்துவிடும்.

‘கீ வாஸ் ரிஜெக்டெட் பை சர்வீஸ்’ என்று வந்தால் செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருக்கிறது. உங்கள் மெஷினிலேயே கம்பைல் ஆன மாட்யூலுக்கு அங்கீகரித்த கையெழுத்து இல்லை, அதனால் கர்னல் மறுக்கிறது. மின்ட், உபுண்டுவில் நிறுவும்போதே ஒரு பாஸ்வேர்ட் கேட்பார்கள். டெபியனில் ‘மோக்யூட்டில்’ கட்டளையால் டிகேஎம்எஸ் சாவியை நீங்களே பதிய வேண்டும். இரண்டிலும் அடுத்த ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வரும். பத்து நொடிதான் நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, பிறகு அந்தப் பாஸ்வேர்ட். டீ எடுக்கப் போய்விட்டால் திரை போயே போய்விடும், மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும். அங்கே கீபோர்டு அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதால் குறியீடுகள் இல்லாத பாஸ்வேர்டே நல்லது.

இதுவரை சொன்னது அரை மணி நேர வேலை. உண்மையான செலவு பிறகு வருகிறது.

டபிள்யூஎல்-இன் கடைசிப் பதிப்பு 6.30.223.271. அது 2015-இல் வந்தது, அதன் பிறகு நிறுவனத்திடமிருந்து ஒன்றுமில்லை. கர்னலோ ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு புதிய கர்னலிலும் ஏதாவது ஒரு உள் ஃபங்ஷனின் பெயரோ வடிவமோ மாறும். டெபியன், உபுண்டு பராமரிப்பாளர்கள் ஒட்டு (பேட்ச்) போட்டால்தான் டபிள்யூஎல் மறுபடி கம்பைல் ஆகும். ஒட்டு வருவதற்கு முன் கர்னல் வந்துவிட்டால் கம்பைல் தோற்கும், ரீபூட் செய்ததும் வைஃபை காணாமல் போகும். போதாக்குறைக்கு பேக்கேஜ்களை நிறுவும் ‘ஆப்ட்’டும் பாதிக் கட்டமைப்பில் சிக்கி, சம்பந்தமில்லாத பேக்கேஜ் நிறுவும்போதெல்லாம் பிழை காட்டும்.

இதற்குப் பழக வேண்டிய ஒரே பழக்கம்: கர்னல் அப்டேட் முடிந்ததும், ரீபூட் செய்வதற்கு முன்பே, ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ அடியுங்கள். புதிய கர்னலின் எண்ணுக்கு எதிரே ‘இன்ஸ்டால்டு’ என்று இருந்தால் தைரியமாக ரீபூட் செய்யலாம். அந்த எண்ணே இல்லையென்றால் ஹெடர் வரவில்லை, அல்லது கம்பைல் தோற்றிருக்கிறது. கம்பைல் தோற்ற காரணம் ‘வார்/லிப்/டிகேஎம்எஸ்’ ஃபோல்டருக்குள் ‘மேக்.லாக்’ கோப்பின் கடைசிச் சில வரிகளில் இருக்கும். பார்க்காமல் ரீபூட் செய்துவிட்டீர்களா, பூட்டின்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் அழுத்தி, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை திரும்பும். அதனால்தான் புதியது ஒரு வாரம் ஓடும்வரை பழைய கர்னலை நீக்கக் கூடாது. நீண்டகால ஆதரவுக் கர்னல் வரிசையிலேயே இருங்கள். புது எண்ணுக்குத் தாவும் ஹெச்டபிள்யூஇ கர்னல் இந்தக் கார்டுக்கு ஆகாது.

தினசரிப் பயன்பாட்டில் வேறு சில குறைகள். 5 ஜிகாஹெர்ட்ஸ் கிடையாது. அது டிரைவர் கோளாறல்ல, சிப்பிலேயே இல்லை. புதிய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்த ரூட்டரில் சேராது, ரூட்டரை டபிள்யூபிஏ2/3 கலப்புக்கு மாற்ற வேண்டும். ப்ளூடூத் அதே கார்டில் இருந்தாலும் யூஎஸ்பி வழியாக இணைந்த தனிச் சாதனம். டபிள்யூஎல் நிறுவியும் ஹெட்செட் சேரவில்லை என்றால் கர்னலின் பதிவுகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜ்’ஜில் ‘.ஹெச்சிடி’ என்று முடியும் கோப்பு இல்லை என்ற வரியைத் தேடுங்கள். அந்தப் பெயரிலேயே கோப்பை ‘பிஆர்சிஎம்’ ஃபர்ம்வேர் ஃபோல்டரில் போட வேண்டும்.

ரியல்டெக் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் சில வரிகள். ஆர்டிஎல்8821சிஇ கர்னல் 5.9 முதல் உள்ளேயே ஆதரவு பெற்றிருக்கிறது. பழைய குறிப்புகளைப் பார்த்து வெளி டிரைவரை ஏற்றினால் இரண்டும் மோதும். ஆர்டிஎல்8852பிஇ வந்தது 6.2-இல், டெபியன் 12-இல் இருப்பது 6.1. ஒரே ஒரு படியில் தவறுகிறது, பேக்போர்ட்ஸ் (பழைய டெபியனுக்காகத் தொகுத்த புதிய பதிப்பு) கர்னல் போட்டால் தீரும். ஆர்டிஎல்8723பிஇ-யில் ரூட்டருக்குப் பக்கத்திலேயே சிக்னல் ஒற்றைக் கோடாக இருந்தால், ஆன்டெனா வயர் மாட்டாத முனையில் டிரைவர் கேட்டுக்கொண்டிருக்கிறது. ‘மோட்ப்ரோப்.டி’ ஃபோல்டரில் ‘ஆன்ட்_செல்=2’ என்று எழுதிப் பாருங்கள், இல்லையேல் 1.

43142-க்குத் திரும்பினால், இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டப்போகும் மெஷினாக இருந்தால் கார்டையே மாற்றுவதுதான் என் கணக்கில் சரி. பழைய அதெரோஸ் ஏஆர்9565, அல்லது 5 ஜிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் இன்டெல் 7260. வாங்குமுன் பின்மூடியைக் கழற்றி, இருப்பது ஹாஃப் மினி கார்டா எம்.2-வா என்று பாருங்கள். 7260 இரண்டு வடிவிலும் உண்டு, எம்.2-வின் ஆன்டெனா முனைகள் சிறியவை, பழைய வயர் உட்காராது. சில பயாஸ்கள் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே மறுக்கும். உங்கள் மாடல் எண்ணை வைத்து முன்கூட்டியே தேடிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆன்டெனா வயரை நகத்தால் நேர் மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் இழுத்தால் முனை பிய்ந்துவிடும். ஒரே வயர்தான் இருக்கிறது என்றால் மெயின் முனையில் மாட்டுங்கள், வேகம் குறையும், ஆனால் இணைப்பு நிலைத்திருக்கும்.

மாற்றியதும் ‘ஆப்ட் பர்ஜ்’ கொண்டு பிராட்காம் பேக்கேஜைத் தடுப்புக் கோப்போடு சேர்த்து நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் இல்லாத கார்டுக்காக ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் கம்பைல் ஓடிக்கொண்டிருக்கும். ஏஆர்9565-க்கு வைஃபைக்காகத் தனி ஃபர்ம்வேர்கூட வேண்டாம், கர்னலில் உள்ள ஏடிஹெச்9கே தானாக ஏறும். வேறு டிகேஎம்எஸ் மாட்யூல் எதுவும் இல்லையென்றால், ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ இனி ஒன்றையும் காட்டாது.