மூளைக்கென விற்கப்படும் கியூ10 மாத்திரை: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் கண்டு இரண்டாண்டுகளாகச் சிகிச்சையில் இருக்கும் என் அக்காவுக்காக வாங்கிய கோஎன்சைம் கியூ10 மாத்திரையைப் பற்றிய மதிப்புரை இது. கியூ10 என்பது உடலில் இயல்பாகவே உருவாகும், ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் பொருள். ஒரு குப்பியில் 60 மாத்திரைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 100 மில்லிகிராம் கியூ10, உடன் சிறிதளவு வைட்டமின் ஈ. மருத்துவரிடம் தெரிவித்துவிட்டு, வழக்கமான மருந்துகளை மாற்றாமல், நாளுக்கு ஒன்றாக மூன்று மாதம் கொடுத்தோம்.

தயாரிப்பில் பெரிய குறை இல்லை. கியூ10 கொழுப்பில்தான் கரையும் என்பதால் அதை எண்ணெயில் கலந்து மென்னுறையில் அடைத்திருப்பதும், உணவோடு உட்கொள்ளச் சொல்லியிருப்பதும் சரியே. ஆனால் விழுங்கச் சிரமப்படுவோர் பலருள்ள ஒரு நோய்க்கு உறை இத்தனை பெரிதாக இருக்கக் கூடாது.

என் மனக்குறை குப்பியோடு வரும் துண்டறிக்கையைப் பற்றியது. அதில் உள்ள உயிரியல் பெரும்பாலும் உண்மையே. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்புகள் அதில் மிகுதி. பார்க்கின்சனில் அழியும் கருந்திட்டு என்ற மூளைப் பகுதியின் நிலை இன்னும் மோசம்: அங்கு உடல் அசைவுக்கான செய்தியைக் கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் சிதையும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது, அருகிலுள்ள இரும்பு அதை மேலும் கொடிய மூலக்கூறாக மாற்றுகிறது, அதைத் தடுக்க வேண்டிய குளூட்டதயோனோ நோயாளிகளிடம் குறைந்து காணப்படுகிறது. இவ்வளவையும் தெளிவாக விளக்கிவிட்டு, ‘ஆகவே இந்த மாத்திரை’ என்று அறிக்கை முடிகிறது. அந்த ‘ஆகவே’ சோதிக்கப்பட்டு, தோற்றுப்போனது என்பதை அது சொல்லவில்லை.

2002இல் 80 நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வில், நாளுக்கு 1200 மில்லிகிராம் கியூ10 நோயின் போக்கை மெதுவாக்குவதுபோல் தோன்றியது உண்மை. அதை உறுதிசெய்ய 600 பேரிடம் 1200, 2400 மில்லிகிராம் அளவுகளில் நடத்திய பெரிய ஆய்வு, பயன் தெரிய வாய்ப்பில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2014இல் வெளியாயின. அவற்றுள் குறைந்த அளவை இந்த மாத்திரையால் எட்டவே நாளுக்குப் பன்னிரண்டு விழுங்க வேண்டும். எட்டினாலும் பயன் இல்லை. வைட்டமின் ஈயும் 1990களிலேயே 800 நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டு, பார்க்கின்சனின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை என்று அறியப்பட்டது.

இதனால், ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் கொடிய மூலக்கூறுகள் மிகுந்து உடலணுக்களைச் சிதைக்கின்றன என்ற ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ கருத்தே பொய் என்று ஆகிவிடாது. வைட்டமின் ஈயை உடல் கையாள முடியாத பரம்பரைக் குறைபாட்டால் வரும் தள்ளாட்ட நோயில், அதே வைட்டமினை அதிக அளவில் கொடுத்தால் நோய் முற்றுவது நிற்கிறது. அங்கே பற்றாக்குறையே நோயின் காரணம். அல்சைமரில் மிக உயர்ந்த அளவு வைட்டமின் ஈ அன்றாடச் செயல்திறன் குறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தியதாக 2014இல் ஓர் ஆய்வு கூறியது. நினைவாற்றலில் பயன் தெரியவில்லை. பார்க்கின்சனிலோ, நடுக்கம் கண்ணில் படும் முன்பே நரம்பணுக்களில் பெரும்பங்கு அழிந்திருக்கிறது. அந்த அழிவில் ஆக்சிஜனேற்றம் காரணமா விளைவா என்பதும் முடிவாகவில்லை.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோர் கட்டாயம் அறிய வேண்டிய எச்சரிக்கையும் துண்டறிக்கையில் இல்லை. கியூ10 அம்மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடும். அதிக அளவு வைட்டமின் ஈயோ இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

அக்காவிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை, பக்கவிளைவும் இல்லை. நடுக்கம் நாளுக்கு நாள் கூடிக் குறைவது என்பதால், மாற்றம் தெரிந்திருந்தாலும் அதை மாத்திரையின் கணக்கில் எழுதியிருக்க மாட்டேன். தயாரிப்புக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண், துண்டறிக்கைக்கு ஒன்று. இரண்டாவது குப்பியில் இன்னும் 30 மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை அக்கா தொடரப்போவதில்லை.