ஆர்சி கார் ஸ்டியரிங் சர்வோ போனால்: கியர் மாற்றுவதா, புதுசு போடுவதா, பெருசுக்குப் போவதா?

மேட்டிலிருந்து பறந்து வந்த என் ஆர்சி கார் (ரிமோட்டில் ஓட்டும் கார்) இறங்கும்போது வலது முன்சக்கரம்தான் முதலில் தரையில் குத்தியது. எடுத்து நிமிர்த்தி ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் திருப்பினால் உள்ளே கரகரவென்று சத்தம் மட்டும் வருகிறது. முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார்ப் பெட்டியான சர்வோவில்தான் கோளாறு. மைதானத்தில் கூட இருந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "20 கிலோ மெட்டல் கியர் சர்வோ வாங்கிப் போட்டுடுங்க, அப்புறம் கவலையே இல்ல."

சில கார்களுக்கு அது சரியான யோசனைதான். ஆனால் பல கார்களில் காசும் செலவாகி, அதுவரை இல்லாத இன்னொரு கோளாறும் வந்து சேரும். நமக்கு முன்னால் இருப்பது மூன்று வழிகள்: உள்ளே இருக்கும் கியரை மட்டும் மாற்றுவது, அதே தரத்தில் புது சர்வோ போடுவது, பெரிய சர்வோவுக்குப் போவது. எது சரி என்பது சர்வோவுக்குள் எந்தப் பாகம் போனது என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் கடைக்குப் போவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

இங்கே பேசுவது 1/10 அளவு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) கார்களையும், அவற்றில் வரும் மூன்று கம்பி சர்வோவையும் பற்றி. பொம்மை ரகக் கார்கள் பலவற்றில் சர்வோவிலிருந்து ஐந்து கம்பிகள் வரும். அவற்றில் சர்வோவை இயக்கும் மின்சுற்று சர்வோவுக்குள் இல்லை, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் போர்டிலேயே இருக்கிறது. எனவே சாதாரண மூன்று கம்பி சர்வோ அதில் வேலை செய்யாது. அதே ஐந்து கம்பி சர்வோவைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ரிசீவர், கார் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

முதலில் எது போனது?

ஒரு சர்வோவுக்குள் நான்கு சமாச்சாரங்கள்தான்: ஒரு சின்ன மோட்டார், கியர் வரிசை, வெளி அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர், இவற்றை இணைக்கும் போர்டு. நான்கும் நான்கு விதமாகப் பழுதாகும். கொஞ்சம் கவனித்தால் வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

சர்வோவைத் தொடுவதற்கு முன் ஹார்னிலிருந்து (சர்வோ அச்சில் மாட்டியிருக்கும் கை) சக்கரத்துக்குப் போகும் லிங்க்கைக் கழற்றிவிட்டு, முன்சக்கரங்களைக் கையால் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். சிக்காமல் போய்வர வேண்டும். எங்காவது இறுகினால் வளைந்த பின், மணல் புகுந்த பேரிங், இடுக்கில் மாட்டிய சின்னக் கல் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த சர்வோ போட்டாலும் அது முட்டி முட்டிச் சூடாகித்தான் சாகும்.

அடுத்து, மின்சாரம் இல்லாமல் ஹார்னை விரலால் மெதுவாக நகர்த்துங்கள். ரொம்ப அழுத்த வேண்டாம், வெளியிலிருந்து வேகமாகச் சுற்றினால் நல்ல பல்லும் போய்விடும். கியர் நன்றாக இருந்தால் அது திரும்பும் தூரம் முழுவதும் ஒரே சீரான இறுக்கம் தெரியும். ஓரிடத்தில் 'டக்' என்று வழுக்கினால் அங்கே பல் இல்லை. என் காரில் இதுதான். மின்சாரம் கொடுத்தால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஹார்ன் அசையவில்லை என்றாலும் குற்றம் கியரில்தான்.

நடுவில் நிற்கும்போது மட்டும் ஹார்ன் உதறுகிறது, ஒரு பக்கம் திருப்பியதும் அடங்கிவிடுகிறது என்றால் பொட்டென்ஷியோமீட்டரைச் சந்தேகிக்கலாம். கார் பெரும்பாலான நேரம் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் உள்ளே உரசும் முனை நடுப்பகுதியிலேயே திரும்பத் திரும்பத் தேய்த்து, அந்தப் பாதையைத்தான் முதலில் அரிக்கிறது. சர்வோ ஒரு கோடிக்கு ஓடி அங்கேயே முட்டிக்கொண்டு சூடானால், பொட்டென்ஷியோமீட்டரின் இணைப்பே விட்டுப்போயிருக்கலாம்.

சத்தமே இல்லை, பிடிப்பும் இல்லை என்றால் கம்பி, போர்டு, மோட்டார் மூன்றில் ஒன்று. ஆனால் ரிசீவரில் ஸ்டியரிங்குக்கான 1-ஆம் சேனல் போயிருந்தாலும் இதே அறிகுறிதான். காரை ஓட்டும் மோட்டாரின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, சர்வோவையும் ஈஎஸ்சியையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஈஎஸ்சியைப் பிடுங்கி வைத்துவிட்டால் ரிசீவருக்கு மின்சாரமே வராது, எனவே அது ஏதாவது ஒரு சேனலில் இருந்தாக வேண்டும். இப்போது ரிமோட்டில் வேகம் கொடுக்கும் டிரிகரை இழுத்தால் சர்வோ அசைகிறதா? அசைந்தால் சர்வோ நல்லது. குமிழ் வைத்த சர்வோ டெஸ்டர் ஒன்று கையில் இருந்தால் இந்த வேலை இன்னும் சுலபம்.

மேசை மேல் எல்லாம் ஒழுங்காக வேலை செய்து, மைதானத்தில் வேகம் எடுக்கும்போது மட்டும் ஸ்டியரிங் துள்ளுகிறது என்றால் பெரும்பாலும் சர்வோவில் பழுதில்லை. அது மின்சாரப் பற்றாக்குறை. கீழே அதற்கு வருகிறேன்.

கியர் செட்

மோட்டாரும் பொட்டென்ஷியோமீட்டரும் நன்றாக இருந்து பல் மட்டும் போயிருந்தால் என் முதல் தேர்வு இதுதான். பெயர் பெற்ற நிறுவனங்களின் சர்வோக்களுக்குக் கியர் செட் தனியாகக் கிடைக்கும். பெயரில்லாத மலிவு சர்வோவுக்குக் கிடைக்காது, அங்கே இந்த வழி அடைபட்டுவிடும்.

வேலை அரை மணி நேரம்தான். அடியில் இருக்கும் நான்கு நீள ஸ்க்ரூக்களைக் கழற்றி, மேல் மூடியைச் சாய்க்காமல் நேராகத் தூக்குங்கள். நடு கியர்கள் நிற்கும் ஊசி போன்ற பின், மூடியோடு சேர்ந்து வந்து எங்காவது உருண்டு போகும். எந்தக் கியர் எதன் மேல் இருக்கிறது என்று உடனே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் திறந்தபோது வெளி அச்சின் கியரில் பக்கத்துப் பக்கமாக மூன்று பற்கள் இல்லை. அந்த மூன்றும் பழைய கிரீஸில் வெள்ளைத் துகள்களாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். ஒரு துகள் மிஞ்சினாலும் புதுப் பல்லின் இடுக்கில் புகுந்து அதையும் உடைத்துவிடும். துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கிரீஸை மெல்லியதாகப் பூசினால் போதும். வெளி அச்சின் கியரைப் பொருத்தும்போது அதன் அடியில் இருக்கும் குழி பொட்டென்ஷியோமீட்டரின் தண்டில் சரியாக உட்கார வேண்டும். தப்பாக உட்கார்ந்தால் நடுநிலையே மாறிப்போகும்.

பிளாஸ்டிக் கியரை மட்டம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃபியூஸ் மாதிரி. பெரிய அடி விழும்போது அது உடைந்து, மோட்டாரையும் போர்டையும் காப்பாற்றிக் கொடுக்கிறது. ஆனால் அதே கியர் நாலைந்து ஓட்டத்துக்குள் மறுபடி உடைந்தால் குறை கியரில் இல்லை. அடியை வாங்கி விட்டுக்கொடுக்க வேண்டிய சர்வோ சேவரின் ஸ்பிரிங் இறுகியிருக்கிறது, அல்லது மண் புகுந்து சிக்கியிருக்கிறது. ஹார்னை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தை அழுத்தித் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து, விட்டதும் நடுவுக்கே திரும்பி வர வேண்டும்.

அதே தரத்தில் புது சர்வோ

பொட்டென்ஷியோமீட்டரோ போர்டோ போய்விட்டால் திறந்து நோண்டுவதை விடப் புது சர்வோ மேல். இங்கே பார்க்க வேண்டியது டார்க், அதாவது திருப்பும் பலம். பேச்சில் வெறும் 'கிலோ' என்று சொல்வது கிலோ-செமீயைத்தான். 10 கிலோ-செமீ என்றால் அச்சிலிருந்து 1 செமீ தள்ளி 10 கிலோ தாங்கும், 2 செமீ தள்ளி 5 கிலோதான். பழைய ஃபுடாபா எஸ்3003-ஐ ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டால், 4.8 வோல்ட்டில் சுமார் 3.2 கிலோ-செமீ. தார்ச்சாலையில் ஓடும் லேசான டூரிங் காருக்கு அது போதும். மண்ணில் ஓடும் பெரிய டயருக்குப் போதாது. டிராக்ஸஸ் 2075 சுமார் 9 கிலோ-செமீ. 1/10 டூ வீல் டிரைவ் கார்களுக்கு 8 முதல் 10 வரை இருந்தால் நிம்மதி.

நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது எம்ஜி996ஆர். ரோபோ செய்யும் கல்லூரி மாணவர்கள் நிறைய வாங்குவதால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைன் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எடை 55 கிராம், மெட்டல் கியர், 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-செமீ, 6 வோல்ட்டில் 11. ஒரே ஸ்டிக்கரோடு வரும் நகல்கள் ஏராளம் என்பதால் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. தண்ணீரையும் தாங்காது. காய்ந்த மைதானத்தில் ஓட்டிப் பழகுகிறவருக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். ஐப்பசி மழையில் சேற்றில் ஓட்டுகிறவருக்குச் சொல்ல மாட்டேன். அவருக்கு ரப்பர் வளையம் வைத்து மூடிய சர்வோதான் வேண்டும், அது பிளாஸ்டிக் கியராக இருந்தாலும் பரவாயில்லை.

வாங்கும்போது அச்சின் பல் எண்ணிக்கையைக் கேளுங்கள். 23, 24, 25 என்று மூன்று வகை உண்டு. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும், பழைய ஹார்னை அழுத்தினால் உள்ளேயும் போகும், ஆனால் போகும்போதே பற்களைச் சீவிக்கொண்டு போகும்.

20 கிலோவும் அதற்கு மேலும்

1/8 பக்கி, கனமான மான்ஸ்டர் டிரக், பாறை இடுக்கில் சக்கரத்தைத் திருப்ப வேண்டிய கிராலர், இவற்றுக்கு 20 கிலோ தேவைதான். சாதாரண 1/10 காரில் அந்தப் பலம் சும்மா கிடக்கும். வேகமும் அதிகரிக்காது: பலராலும் வாங்கப்படும் டிஎஸ்3218 போன்றவை 60 பாகை திரும்ப எடுக்கும் நேரம் சுமார் 0.14 முதல் 0.16 விநாடி. எம்ஜி996ஆரும் கிட்டத்தட்ட அதே வேகம்தான்.

உண்மையான சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. சர்வோவின் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போது அது உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம், உள்ளே வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும். சக்கரம் எங்காவது முட்டி மோட்டார் நின்றுவிட்டால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எம்ஜி996ஆரே அப்போது 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும். மலிவு ஈஎஸ்சிகளில் ரிசீவருக்கு மின்சாரம் தரும் பிஇசி பெரும்பாலும் 2, 3 ஆம்பியர்தான் கொடுக்கும். அதில் இன்னும் அகோரப் பசியுள்ள சர்வோவை மாட்டினால், முட்டும் கணத்தில் வோல்ட்டேஜ் விழுந்து ரிசீவர் அணைந்து மறுபடி எழும். அந்த இடைவெளியில் முழு வேகத்தில் போகும் கார் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. மைதானத்தில் குழந்தைகள் ஓடுகிறார்கள் என்பதால் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

பெரிய டார்க்கில் மட்டும்தான் இது வரும் என்றில்லை. சேவாக்ஸ் எஸ்சி-1258டிஜி 6 வோல்ட்டில் 12 கிலோ-செமீதான், ஆனால் 0.08 விநாடியில் திரும்பிவிடும். அந்த வேகத்துக்காக அது இழுக்கும் மின்சாரமும் பேர்போனது. பலர் ரிசீவரின் காலிச் சேனலில் ஒரு கெப்பாசிட்டரைச் செருகிக்கொள்கிறார்கள். நொடிப்பொழுது விழும் வோல்ட்டேஜை அது தாங்கிப் பிடிக்கும். சக்கரம் சிக்கிக்கொண்டு நீண்ட நேரம் இழுத்தால் அதனால் முடியாது, 5 ஆம்பியருக்குக் குறையாத தனி பிஇசிதான் தீர்வு. எனவே பெரிய சர்வோவின் விலையோடு பிஇசி விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று, கியர் உடையாது என்றால் அடி வேறெங்காவது போய்த்தான் ஆகும். ஹார்ன், சர்வோவைப் பிடித்திருக்கும் தாங்கி, சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும் ஸ்டியரிங் நக்கிள் என்று வரிசையாகப் போகும். சேவர் ஹார்னிலேயே இருக்கும் காரில் அதைத் தூக்கிவிட்டு அலுமினிய ஹார்ன் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மெட்டல் பல்லும் உடையும், விலைதான் அதிகம்.

என் காருக்கு நான் கியர் செட்டை மாற்றி, இறுகிக் கிடந்த சேவர் ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். தாவும் மேடுகள் அதேதான், இன்றுவரை பல் போகவில்லை.

எந்த வழியில் போனாலும் மாட்டும் முறை ஒன்றுதான். ரிமோட்டில் நடுநிலையை நகர்த்தும் டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, மின்சாரம் கொடுத்து, சர்வோ நடுவுக்கு வந்த பிறகே ஹார்னைச் செருகுங்கள். பிளாஸ்டிக் அச்சாக இருந்தால் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் திரெட்லாக் பசையைத் தடவக் கூடாது, அது பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கும். பிறகு சக்கரத்தை முழுதாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சர்வோவைக் கேளுங்கள். அது முனகினால் சக்கரம் ஏற்கெனவே முட்டிவிட்டது, சர்வோ இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது. முனகல் நிற்கும் வரை ரிமோட்டில் எண்ட் பாயிண்ட்டை (சர்வோ திரும்பும் எல்லை) குறையுங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும், இரண்டும் ஒரே எண்ணில் நிற்பது அபூர்வம்.