குளியலறைப் பிளம்பிங் கற்க: காணொளியா, பயிற்சி நிலையமா, பிளம்பருக்கு எடுபிடியா?

சென்னையில் பழைய அடுக்கக வீடு வைத்திருப்பவர்களுக்குக் குளியலறையைப் புதுப்பிக்கும் ஆசை வந்தால், கூடவே இன்னொரு ஆசையும் வருகிறது: இந்த வேலையை நாமே கற்றுக்கொண்டால் என்ன? கூலி மிச்சம் என்பது ஒரு காரணம். 'நாளைக்கு வந்துவிடுகிறேன் சார்' என்று சொன்ன பிளம்பர் அடுத்த வாரமும் அதையே சொல்வது இன்னொரு காரணம். கற்பதற்கு மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன: காணொளி பார்ப்பது, பயிற்சி நிலையத்தில் சேர்வது, வேலை தெரிந்த பிளம்பருக்கு எடுபிடியாக நிற்பது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைல்ஸுக்கு வெளியே இருக்கும் வேலைக்குக் காணொளி போதும். டைல்ஸுக்குப் பின்னால் மறைந்துபோகும் வேலைக்கு எடுபிடியாக நின்றே ஆக வேண்டும்.

பயிற்சி நிலையத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஐடிஐயில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. மத்திய அரசு 2015இல் தொடங்கிய திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் குறுகிய காலப் பயிற்சிகளும் நடக்கின்றன. வரைபடம் படிப்பது, குழாயின் அளவைக் கணக்கிடுவது, கழிவுக் குழாய்க்குக் காற்றுக் குழாய் எதற்கு என்பதெல்லாம் அங்கேதான் முறையாகக் கிடைக்கும். ஆனால் பகல் முழுவதும் அலுவலகத்தில் இருப்பவர் ஒரே ஒரு குளியலறைக்காக ஓராண்டைக் கொடுப்பாரா? வீட்டில் படிப்பை முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கும் பிள்ளை இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். நல்ல பிளம்பர் கிடைப்பது இந்த ஊரில் எவ்வளவு பாடு என்பது உங்களுக்கே தெரியும்.

இனி காணொளி. இதன் பெரிய பலம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நூறு முறை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாது. ஆங்கிள் காக் (சுவரிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சின்னக் குழாய்) மாற்றுவது, ஹெல்த் ஃபாசெட் (டாய்லெட் பக்கத்தில் இருக்கும் கைத்தெளிப்பான்) பொருத்துவது, ஃபிளஷ் டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுவதைச் சரிசெய்வது, வாஷ்பேசின் அடியில் குப்பி போல இருக்கும் கழிவுநீர்ப் பகுதியான பாட்டில் ட்ராப்பைக் கழற்றிக் கழுவுவது ஆகியவற்றைத் தமிழிலேயே பிளம்பர்கள் செய்து காட்டுகிறார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வாழும் நமக்கு இந்தச் சின்ன வேலைகள்தான் அடிக்கடி வருகின்றன. ஷவரின் துளைகளில் உப்பு படிந்து பாதி அடைத்துக்கொண்டால், கழற்றி வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். அதற்கு ஆள் கூப்பிட்டுக் கூலி கொடுப்பது வீண்.

காணொளியில் ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டியது, கசிவைத் தடுக்கக் குழாயின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றும் விதம். மரை நம்மை நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், முடுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும், கசிவும் நிற்காது. 'இன்னும் ஒரு சுற்று முடுக்கலாம்' என்ற கை அரிப்புக்கும் இடம் தரக்கூடாது. பிளாஸ்டிக் மரை கொண்ட இணைப்பு அந்த ஒரு சுற்றில்தான் விரிசல் விடும். எங்கே நிறுத்துவது என்பதை எந்தக் காணொளியும் சொல்லித் தர முடியாது. அது கைக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டுக் காணொளிகளைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். அங்கே செம்புக் குழாயைப் பற்றவைக்கிறார்கள். ஜிப்சம் பலகைச் சுவரைக் கத்தியால் கிழித்துக் குழாயை எடுக்கிறார்கள். நமக்கோ செங்கல் சுவர், ஈரம் காயாத தரை, மொட்டை மாடியில் தொட்டி. கணக்கும் வேறு. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் சுமார் ஒரு பார் அழுத்தம். மேல்தளத்தில் குடியிருப்பவரின் ஷவருக்கும் தொட்டிக்கும் மூன்று மீட்டர்தான் இடைவெளி என்றால், கிடைப்பது 0.3 பார். அந்த வீட்டில் அகலமான மழை ஷவரை ஆசையாக மாட்டினால் சொட்டுச் சொட்டாகத்தான் குளிக்க வேண்டும். அழுத்தம் கூட்டும் மோட்டார் வைக்க வேண்டும், இல்லையென்றால் பழைய சின்ன ஷவரே மேல். பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையின் குளியலறைச் சாமான் கடைகளில் பளபளப்பைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

காணொளிக்கும் முந்தைய பாடம் ஒன்று உண்டு. மொட்டை மாடிக்குப் போய், உங்கள் வீட்டுக்கு இறங்கும் வால்வு எது, அதை மூடினால் உண்மையிலேயே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய கேட் வால்வுகள் பல, மூடின மாதிரி நடிக்கும். இது தெரியாமல் குழாயைக் கழற்றினால் கீழ்வீட்டுக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது எடுபிடி வழி. இதற்கு இசையும் பிளம்பர் கிடைப்பது முதல் சிக்கல். 'நீங்கள் எதற்கு சார் அழுக்காக வேண்டும்' என்று மரியாதையாக வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். நாம் நிற்பதால் அவருடைய உதவியாளின் கூலியைக் குறைக்க மாட்டோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி இறுக்கம் தளரும். 'அண்ணே, கற்றுக்கொள்ள ஆசை, திட்டினாலும் பரவாயில்லை' என்றால் மீதியும் போய்விடும். பிறகு பாருங்கள், எந்தக் காணொளியிலும் அழுத்திச் சொல்லாத விஷயங்கள் வரிசையாக வரும்.

முதலாவது ஆழம். சுவருக்குள் பதிக்கும் எல்போவின் (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) வாய், டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு சுவரின் முகத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும். குழாய் பதிக்கும் அன்றைக்கோ அங்கே வெறும் செங்கல்தான் இருக்கும். பூச்சு எவ்வளவு கனம், அதன்மேல் டைல்ஸும் ஒட்டும் கலவையும் எவ்வளவு என்று அப்போதே கூட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே போய்விட்டால் நீட்டிப்புத் துண்டு போட நேரும். வெளியே துருத்தினால் குழாயின் வட்ட மூடி சுவரில் உட்காராது. அனுபவமுள்ளவர் டைல்ஸ் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து, ரசமட்டத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சிமென்ட்டை அப்புவார். வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து தரும் வால் மிக்ஸருக்கு, அந்த இரண்டு வாய்களின் மையங்களுக்கும் இடையே 150 மி.மீ. இருக்க வேண்டும், வெந்நீர் இடப்பக்கம். டாய்லெட்டை முன்கூட்டியே வாங்கச் சொல்வதும் இதனால்தான். கழிவு தரைவழியாக இறங்கும் எஸ் ட்ராப் வகையில் சுவரிலிருந்து கழிவு வாய் 9 அங்குலமா 12 அங்குலமா என்று தெரியாமல் 110 மி.மீ. குழாயைப் பதித்துவிட்டால், பிறகு தரையை உடைக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது வாட்டம், அதாவது தரையின் சரிவு. கொத்தனாரும் பிளம்பரும் சேர்ந்து பார்க்க வேண்டிய இது, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோடும் இடமும்கூட. தரை, தண்ணீர் வெளியேறும் இடத்தில் பதிக்கும் கிண்ணமான நானி ட்ராப்பை நோக்கி மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். அந்த ட்ராப்புக்குள் 50 மி.மீ. அளவுக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கியிருக்க வேண்டும். சாக்கடை நாற்றத்தைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

பிளம்பர் சொல்வதெல்லாம் வேதம் என்றும் இல்லை. பழக்கம் என்ற பெயரில் சிலர் வெந்நீர் வழிக்கும் வெள்ளை நிற யுபிவிசி குழாயையே போட்டுவிடுவார்கள். அது குளிர்ந்த நீருக்கு மட்டும். கீசரிலிருந்து வரும் வழிக்கு சிபிவிசி வேண்டும். 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஒட்டும் சிமென்ட்டும் இரண்டுக்கும் வேறுவேறு. குழாயை அறுத்தபின் பிசிறு நீக்காமல் ஒட்டுவதும், செருகியவுடன் கால் சுற்றுத் திருப்பி அரை நிமிடம் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிடுவதும் அவசரக்காரர்களின் வேலை. இங்கேதான் காணொளி கைகொடுக்கிறது. முந்தின இரவு பார்த்து வைத்திருந்தால் 'அண்ணே, இது வெந்நீர் லைன்தானே?' என்று பணிவாகக் கேட்கலாம். ஆக, இந்த இரண்டு வழிகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும் வழிகள்.

எந்த வழியில் கற்றாலும் கை வைக்கக் கூடாதவை சில. கீசர் மின்இணைப்பு எலெக்ட்ரீஷியனுக்கு. தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டருக்கு, 1916 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள்; அதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

டைல்ஸ் ஒட்டுபவர் வருவதற்கு முன்னால் இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டிய இணைப்புகள் ஒரு நாள் காய்ந்தபின், கைப்பம்பால் குழாயில் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது ஒன்று. நீர்க்கசிவுத் தடுப்புப் பூசிய தரையில் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்ப்பது மற்றொன்று. இரண்டும் தேறியதும் நான்கு சுவர்களையும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். துண்டு தொங்கவிடும் கம்பியை மாட்ட டிரில்லோடு வருபவர் முதலில் கேட்கப்போவது, குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான்.