வெளுத்துப் போன ஸ்பாய்லரைப் பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தருவதாகச் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

பினாங்கில் கார் வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக வயதான அப்பா அம்மா இன்னும் தாங்களே கார் ஓட்டும் வீடுகளுக்கு இதை எழுதுகிறேன். காரின் பின்புறம் இறக்கைபோல நீட்டியிருக்கும் ஸ்பாய்லர் வெளுத்து, வெள்ளைத் திட்டு விழுந்து, ஓரத்தில் உரியத் தொடங்கிவிட்டால் அதற்குப் பாலிஷும் மருந்தில்லை, கோட்டிங்கும் மருந்தில்லை. ஒரு பட்டறை அப்படிச் செய்து தருவதாகச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். என் அப்பாவிடம் அதைச் சொல்லித்தான் ஒரே ஸ்பாய்லருக்கு இரண்டு தடவை பணம் வாங்கினார்கள். கடைசியில் கார் முன்பைவிட மோசமாகித் திரும்பி வந்தது.

அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடு, கீழே கூரையில்லாத நிறுத்துமிடம். கறுப்பு மைவி, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில்தான் நிற்கும். அவர் அதை வாரந்தோறும் தன் கையால் கழுவுகிறவர். கதவு, பம்பர் எல்லாம் இன்னும் நன்றாக இருக்க, ஸ்பாய்லர் மட்டும் சாம்பல் பூசியதுபோல ஆகிவிட்டது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறை தொழிற்பேட்டைப் பக்கம் டயர் மாற்றப் போனபோது, அருகிலிருந்த ஒரு பட்டறையின் ஆள் தானாகவே வந்து பேசியிருக்கிறார். நம்ம ஆள்தான், தமிழில் மரியாதையாகப் பேசினார் என்று அப்பா சொன்னார். "அங்கிள், ஸ்பிரே எல்லாம் வேண்டாம், செலவு ஜாஸ்தி. கிளியர் இன்னும் சாகல. நேனோ கோட்டிங் போட்டா புதுசு மாதிரி வந்துரும். ரெண்டு வருஷம் கேரண்டி." கிளியர் என்று அவர் சொன்னது வர்ணத்தின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சு. விலை 280 வெள்ளி. காரைப் பட்டறையின் பின்பக்கம் ஓட்டிப் போனார்கள், அப்பாவை முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒரு காப்பியும் கொடுத்தார்கள். கார் திரும்பி வந்தபோது ஸ்பாய்லர் கண்ணாடி மாதிரி மின்னியது. ரசீதில் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: "கோட்டிங்". கேரண்டி பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த மினுமினுப்பு சில மழைக்குத் தாங்கியது, அவ்வளவுதான். அப்பா கார் கழுவக் கழுவ வெள்ளைத் திட்டுகள் பழைய இடத்திலேயே வெளியே வந்தன.

திரும்பப் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்கள் ஒவ்வொன்றும் பழியை அவர் பக்கமே தள்ளின. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டிருப்பீர்கள் என்றார்கள். மரத்தடியில் நிறுத்தியிருப்பீர்கள், பறவை எச்சம் பட்டிருக்கும் என்றார்கள். எங்கள் நிறுத்துமிடத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. அப்புறம் பேச்சு மாறியது: "சரி அங்கிள், உங்களுக்காகப் பாதி விலையில ஸ்பிரே அடிச்சுத் தர்றேன், 200 கொடுங்க." வயதான மனிதர், திரும்பத் திரும்ப அலைய விருப்பமில்லை, கொடுத்திருக்கிறார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முதல் வேலை தோற்றது என்று தெரிந்தபின் அதற்கான பணத்தைத் திருப்பித் தருவதை விட்டுவிட்டு, அதே தோல்வியைக் காட்டி இன்னொரு வேலையை விற்றிருக்கிறார்கள்.

இரண்டாவது வேலை முடிந்து கார் வந்த அன்று மாலை நான் அப்பா வீட்டில் இருந்தேன். ஸ்பாய்லரைக் கழற்றவே இல்லை. சுற்றிலும் டேப் ஒட்டி, காரில் இருந்தபடியே அடித்திருந்தார்கள். டேப் ஒட்டிய இடத்தில் விரல் வைத்தால் தடுக்கியது. பின்கண்ணாடியிலும் ரப்பரிலும் கறுப்புத் தூறல். மேற்பரப்பில் குண்டூசி முனை அளவுக்குச் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் பழைய வர்ணம் தெரிந்தது. ஸ்பாய்லரின் அடிப்பக்கத்தைத் தொடவே இல்லை, அது பழைய வெளுப்போடேயே இருந்தது. நான் உடனே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு ஓரங்கள் வெங்காயத் தோல்போல உரிய ஆரம்பித்தன.

என்ன நடந்திருக்கிறது என்று புரியவைத்தவர் புக்கிட் மெர்தாஜாமில் பல காலமாக வர்ணம் அடிக்கும் ஒரு பெரியவர். காரைப் பார்த்ததும் அவர் விலை பேசவில்லை. ஒரு துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து, ஸ்பாய்லரின் ஓரத்தில் தேய்த்துக் காட்டினார். துணி முழுக்கக் கறுப்பு. "இது டப்பா ஸ்பிரே. ஹார்டனர் கலந்து அடிச்சிருந்தா இப்படிக் கரையாது," என்றார். ஹார்டனர் என்பது வர்ணத்தோடு கலந்து அதைக் கெட்டியாக இறுக வைக்கும் திரவம்.

அவர் சொன்னதையும் அதற்குப் பிறகு நான் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரிந்த ஆளிடம் யாரும் அந்தக் கதையை விற்க முடியாது.

இன்றைய கார்களின் வர்ணம் பெரும்பாலும் அடுக்கடுக்காக இருக்கும். கீழே பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர். பளபளப்பைத் தருவதும் வெயிலைத் தாங்குவதும் அந்தக் கிளியர்தான். தொழிற்சாலையில் அடிக்கும் கிளியரின் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குமேல் போகாது. அதில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்கள் கலந்திருக்கும், ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் அவை தீர்ந்துவிடும். அப்புறம் கிளியர் உள்ளுக்குள் சிதைந்து, மயிரிழை வெடிப்பு விட்டு, நீர் இறங்கி, கீழே இருக்கும் நிறத்தோடு உள்ள பிடிப்பை இழக்கிறது. நாம் காணும் வெள்ளைத் திட்டு அந்தப் பிடிப்பு விட்டுப்போன இடம்.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகை அளவில்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தலைக்கு மேலே ஏறி நிற்கும், அதனால் கதவைவிட வானம் பார்த்துக் கிடக்கும் பரப்புகளுக்கே அடி அதிகம். கூரை, பானட், ஸ்பாய்லர் மூன்றும் முதலில் போவது இதனால்தான். ஸ்பாய்லருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அது பெரும்பாலும் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர். இரும்பைவிடப் பிளாஸ்டிக் வெப்பத்தில் அதிகம் விரிந்து சுருங்கும், மேலே உள்ள வர்ணமும் அதோடு இழுபடும். தொழிற்சாலையில் வர்ணம் இறுக இரும்பு உடலைச் சூடாக்கும் அளவுக்கு அதைச் சூடாக்கவும் முடியாது.

பாலிஷ் என்பது கிளியரின் மேல்தோலை மெல்லியதாகச் சுரண்டி எடுப்பது. மேலோட்டமாக மங்கியிருந்தால் அது உண்மையாகவே வேலை செய்யும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிளியரே போய்விட்ட இடத்தில் சுரண்ட என்ன இருக்கிறது? வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வெள்ளைத் திட்டின் விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு படியில் இடறினால் கிளியர் உரிந்துவிட்டது. பரப்பு ஒரே சீராக மங்கி, நகம் எங்கும் தடுக்காமல் போனால் பாலிஷுக்கு வாய்ப்பு உண்டு. அப்போதும் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்து காட்டிய இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, காய்ந்தபின் பாருங்கள்.

கழுவச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவின் காரில் "நேனோ" என்று பூசியது சிலிக்கோன் எண்ணெய் கலந்த ஏதோ ஒரு மினுக்குத் திரவம் என்பது அந்தப் பெரியவரின் முடிவு. டயருக்கும் டேஷ்போர்டுக்கும் பூசுவார்களே, அந்த வகை. எண்ணெய் வெடிப்புகளுக்குள் இறங்கி நிரப்பிவிடுவதால் வெள்ளை மறைந்து கறுப்பு தெரியும். ஈரமான ஸ்பாய்லர் கொஞ்ச நேரம் நன்றாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான், தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, எண்ணெய் கொஞ்ச நாள் தங்குகிறது.

பணம் போனது மட்டுமென்றால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். சிலிக்கோன் பட்ட பரப்பின்மேல் வர்ணம் அடித்தால் அந்த வர்ணம் ஒட்டாமல் விலகி ஓடும். அந்தக் குண்டூசிப் பள்ளங்கள் அப்படி வந்தவைதான். ஆக முதலில் பூசிய எண்ணெய், அடுத்து அடித்த வர்ணத்தையும் கெடுத்திருக்கிறது. இரண்டையும் செய்தது ஒரே பட்டறை. தாங்கள் எதைப் பூசினோம் என்று அவர்களுக்குத் தெரியாதா? துடைக்காமல், சரியாகத் தேய்க்காமல், மேலே டப்பா ஸ்பிரேயை அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியவர் செய்த வேலை வேறு மாதிரி. ஸ்பாய்லரைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முதலில் மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தால் துடைத்தார். ஒரு துணியால் பூசி, அது காயுமுன் வேறு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தார், ஒரே துணியால் தேய்த்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது என்றார். இதைச் செய்யாமல் முதலிலேயே சாண்ட் பேப்பர் போட்டால் சிலிக்கோனை உள்ளே அழுத்தித் தேய்ப்பதுபோல் ஆகிவிடுமாம். அதன்பிறகு உரிந்த கிளியர், டப்பா வர்ணம் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, மறுபடி துடைத்து, பிளாஸ்டிக் தெரிந்த இடங்களில் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, அதன் மேல் நிறம், அதன் மேல் ஹார்டனர் கலந்த கிளியர். அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் விடவில்லை. ஒரு மாதத்துக்கு வேக்ஸ் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ரசீதில் செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் விலை விசாரிக்கும்போது ஸ்பாய்லரைக் கழற்றித்தான் அடிப்பீர்களா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் போதும், மற்றது கேட்க வேண்டாம். கிளியரில் ஹார்டனர் கலப்பார்களா என்றும் கேளுங்கள். சில்வர், மெட்டாலிக் நிறம் வைத்திருப்பவர்கள் காரின் வர்ணக் குறியீட்டைக் கொண்டு போங்கள். பல கார்களில் அது கதவுத் தூணில் ஒட்டிய லேபிளிலோ என்ஜின் அறையிலுள்ள தகட்டிலோ இருக்கும். கண்ணால் பார்த்துக் கலக்கும் மெட்டாலிக் நிழலில் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் தெரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்டனரோடு வரும் ஸ்பிரே டப்பாக்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும், அது நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. தூசிக்குப் போடும் சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. அடுக்குமாடி நடைபாதையில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில், தயவுசெய்து அடிக்காதீர்கள்.

பட்டறைக்கு நான் போன் செய்தபோது, "அக்கா, அங்கிள் பார்த்துட்டு ஓகே சொல்லித்தான் காடிய எடுத்துட்டுப் போனாரு" என்றார்கள். படங்களை வாட்சாப்பில் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பார்த்தார்கள், பதில் இல்லை. அதன்பிறகு அப்பா மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார். இப்படி ஒரு வழி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் இது, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் வைத்து வாதாட இங்கே இடமில்லை, பட்டறைக்காரர் தானே வந்து பதில் சொல்ல வேண்டும். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். மன்றம் கொடுக்கும் தீர்ப்பை மதிக்காமல் விடுவது குற்றம். சேவை எதுவானாலும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, ரசீதில் கேரண்டி எழுதாவிட்டாலும் அந்த உரிமை போய்விடாது.

விசாரணை இன்னும் வரவில்லை, அதனால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. பின்னூட்டத்திலும் யாரும் ஊகித்துப் பெயர் போட வேண்டாம். அப்பாவின் மனுவோடு இரண்டு ரசீது, உரிந்த ஸ்பாய்லரின் படங்கள், வாட்சாப் உரையாடல், பெரியவர் எழுதிக் கொடுத்த ரசீது எல்லாம் சேர்த்திருக்கிறோம். உங்களில் யாருக்காவது இதே மாதிரி நடந்து ரசீது கையில் இல்லையென்றால், டுயிட்நவ் மூலம் பணம் அனுப்பிய பதிவைத் தேடி எடுங்கள், அதுவும் ஆதாரம்தான். வேறு பட்டறையில் ஸ்பாய்லரைச் சரி செய்யக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள், தேய்த்து எடுத்த பிறகு காட்ட எதுவும் மிஞ்சாது.