டிடச்: நாய்க்கும் குதிரைக்கும் ஒன்றேகால் வட்டம்

குதிரைப் பயிற்சியாளர் லிண்டா டெலிங்டன்-ஜோன்ஸ் குதிரைகளுக்காக உருவாக்கி, பிறகு நாய்களுக்கும் வந்த தொடுமுறை இது. மசாஜ் போலத் தசையைப் பிசைவதில்லை. தோலை மட்டும் நகர்த்த வேண்டும். கடிகார முகப்பை நினைத்துக்கொண்டு விரல்களை 6-இல் வைத்து, வலச்சுற்றாக ஒரு முழு வட்டம், அதைத் தாண்டி 9 வரை. பிறகு சற்று நிறுத்தி அடுத்த இடம். மூடிய கண்ணிமை தாங்குமளவு அழுத்தம் போதும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: விரல் முடிமேல் வழுக்கினால் கூச்சமெடுத்து நாய் விலகிவிடும். காதை அடியிலிருந்து நுனிவரை மெதுவாக நீவுவதுதான் இதில் அருமையான பகுதி. பயந்த நாயிடம் முதலில் இதையே செய்யலாம். உடல் தளர்ந்து தலை தாழ்ந்தால் இளகுகிறது என்று கொள்ளலாம்; கொட்டாவியை மட்டும் நம்ப வேண்டாம், நாய்க்கு அது பதற்றத்தாலும் வரலாம். உடல் விறைத்தால் உடனே கையை எடுங்கள்.

இந்தத் தொடுதல் உடலின் 'செல்களை எழுப்பும்' என்று சொல்லப்படுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நொண்டும் குதிரைக்கு முதலில் கால்நடை மருத்துவர்தான்.